பயிற்சியாளர் போனால் வாக்கும் போகலாமா?

2025 அக்டோபர் 12 அன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினைப் பதவியிலிருந்து நீக்கியது. சீசன் தொடங்கியபோது தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி, அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களைக் கோட்டைவிட்டிருந்தது. ஒப்பந்தப்படி அவருக்கு இன்னும் சுமார் 4.9 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. அதைத் தருகிறோம், நீங்கள் கிளம்புங்கள் என்றது நிர்வாகம். அன்றிலிருந்து 54 நாள்கள் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. விளையாட்டுப் பக்கங்களில் நாளுக்கொரு பெயர் அடிபட்டது. அதற்குள் டிசம்பர் 3 வந்துவிட்டது. பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போகிறோம் என்று கையெழுத்திடும் நாள் அது. ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்கத்தைக் கொண்ட பென் ஸ்டேட்டுக்கு அன்று கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். முன்னரே வருவதாகச் சொல்லியிருந்தவர்களில் பலர், இடைப்பட்ட காலத்தில் வர்ஜீனியா டெக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஃப்ராங்க்ளினின் பின்னாலேயே போய்விட்டார்கள். புதிய பயிற்சியாளராக மேட் கேம்பல் நியமிக்கப்பட்டது கையெழுத்து நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து.

இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரு பெரிய அணியின் சறுக்கலாகத்தான் எழுதப்பட்டது. அணி ஓராண்டில் எழுந்துகொள்ளும். அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது அந்த மாநிலத்தின் பள்ளிக்கூடப் பையன்களைப் பற்றி. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் பள்ளி மாணவர்கள் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். அவர்களில் கல்லூரி அணிக்குள் நுழைபவர்கள் மிகச் சிலரே; முழு ஸ்காலர்ஷிப்போடு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் அதிலும் சொற்பம். மேற்கு பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஜோன்ஸ் அண்ட் லாக்லின் எஃகு ஆலையை நம்பி வளர்ந்த ஊர்; 1980-களில் ஆலை மூடப்பட்டதும் சுருங்கி, இன்று பத்தாயிரம் பேர்கூட இல்லை. மலைச்சரிவில் அமைந்த அதன் பள்ளி மைதானத்தை ஊர்க்காரர்கள் 'பள்ளம்' என்ற பொருளில் 'த பிட்' என்கிறார்கள். அந்த ஒரு பள்ளியில் ஆடிய மைக் டிட்கா, டை லா, டேரல் ரெவிஸ் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கத்தில் இடம்பெற்றவர்கள். ஆலை போன பிறகு இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஏழை வீட்டுப் பையனுக்கு, வீட்டுக்குக் கடன் வராமல் பட்டம் வாங்க இருக்கும் சில வழிகளில் இந்த ஆட்டமும் ஒன்று. அந்த வழியின் கதவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

இப்போதைக்கு அது ஒரு தனிமனிதரின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் அந்த வட்டாரத்துப் பள்ளிகளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பார். வசந்த காலத்தில் பயிற்சியைப் பார்க்க வருவார். பள்ளிப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஆட்டக் காட்சிகளை ஓட்டிப் பார்ப்பார். பையனின் வீட்டுச் சமையலறை மேசையில் அம்மாவோடு பேசுவார். பிறகு ஒரு நாள், இடம் தருகிறோம் என்ற 'ஆஃபர்' வரும். பையனும் 'வருகிறேன்' என்பான். இரண்டுமே வாய்வார்த்தை; சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அந்த உதவியாளரின் வேலையும் பெரும்பாலும் போய்விடும். பையனை அறிந்த ஒரே ஆள் மேசையைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுவார். தேசம் முழுக்கப் பெயர் தெரிந்த நட்சத்திர மாணவனுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை; அவன் கையில் இருபது ஆஃபர் இருக்கும். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் மட்டுமே கண்டெடுத்த பையனுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். அவனை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. தொலைபேசி வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். இந்த மௌனத்தை நான் கொடுமை என்றே சொல்வேன்.

பயிற்சியாளர் மாற்றத்தைச் சுற்றிப் பறக்கும் வதந்தியால் நஷ்டப்படுகிறவன் இவன். லாபம் யாருக்கு? ஃப்ராங்க்ளின் நீக்கப்பட்டதும் அந்த இடத்துக்குப் பேசப்பட்டவர்களில் ஒருவர், மேற்கு பென்சில்வேனியாவைச் சேர்ந்த இந்தியானா பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி. நான்கே நாளில் இந்தியானா அவருக்கு ஆண்டுக்குச் சராசரி 1.16 கோடி டாலர் வீதம் எட்டாண்டுப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. பென் ஸ்டேட்டில் ஆடியவரான மேட் ரூலின் பெயர் பலமாக அடிபட்டது. அந்த மாத இறுதியில் நெப்ராஸ்கா அவருடைய ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டியது. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் கலானி சிட்டாகே கிட்டத்தட்ட வந்தேவிட்டார் என்று எழுதப்பட்டது. கையெழுத்து நாளுக்கு முந்தின நாள் அவர் இருந்த இடத்திலேயே இருக்க முடிவு செய்தார், புதிய ஒப்பந்தத்தோடு. இவர்கள் யாரும் தவறு செய்யவில்லை. தனக்கு மதிப்பு கூடும்போது சம்பள உயர்வு கேட்பது எந்த வேலையிலும் நடப்பதே. ஆனால் பெயர் அடிபடுவதே ஏஜென்ட்களுக்கு ஒரு சரக்காகிவிட்ட தொழிலில், வதந்தி தற்செயலாகப் பிறப்பதில்லை. அதற்குச் சந்தை இருக்கிறது; அந்தச் சந்தையில் விலை கொடுப்பவன் மட்டும் பேச்சுவார்த்தை மேசையிலேயே இல்லாத பதினேழு வயதுப் பையன்.

விலை ஓர் ஊரோடு நிற்பதுமில்லை. பென் ஸ்டேட் எடுத்துக்கொண்ட கேம்பல் பத்தாண்டுகள் ஐயோவா ஸ்டேட்டில் இருந்தவர். அவருடைய இடத்தை நிரப்ப ஐயோவா ஸ்டேட் உடனே வாஷிங்டன் ஸ்டேட்டின் ஜிம்மி ராஜர்ஸைக் கொண்டுவந்தது. அவரோ, தெற்கு டகோட்டா ஸ்டேட்டிலிருந்து அங்கே வந்து ஒரே ஒரு சீசன்தான் ஆகியிருந்தது. பென்சில்வேனியாவின் ஒரு மலைப்பள்ளத்தாக்கில் அக்டோபரில் எடுத்த முடிவு, டிசம்பரில் கண்டத்தின் மறுகோடியில் புல்மன் என்ற கோதுமை வயல் ஊர்வரை போய், அங்கே வருவதாகச் சொல்லியிருந்த பையன்களின் கணக்கையும் கலைத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, 11 வெற்றி, ஒரு தோல்வியோடு தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசிய பிளே-ஆஃபுக்குள் நுழையவிருந்த மிசிசிப்பி அணியை விட்டுவிட்டு லேன் கிஃபின் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். கையெழுத்து நாளுக்கு மூன்று நாள் முன்பு! வாரக்கணக்கில் அந்த மாநிலம் முழுக்க அவர் போவாரா இருப்பாரா என்பதே பேச்சு. மிசிசிப்பி நிர்வாகம் ஒன்றை மட்டும் உருப்படியாகச் செய்தது: அன்றைக்கே அணிக்குள் இருந்த பீட் கோல்டிங்கைத் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. பையன்களை அறிந்த ஒருவர் அங்கேயே இருந்தார். அந்த அணி பிளே-ஆஃபில் அரையிறுதிவரை போனது.

இந்தக் குழப்பத்தின் ஒரு பகுதி நாட்காட்டியில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கையெழுத்து நாள் பிப்ரவரி முதல் புதன்கிழமையாகத்தான் இருந்தது. சீசன் முடிந்து, போகிறவர் போய், வருகிறவர் வந்து, தூசி அடங்கிய பிறகு பையன்கள் முடிவெடுத்தார்கள். 2017-இல் டிசம்பரிலும் ஒரு தவணை கொண்டுவரப்பட்டது. முடிவெடுத்துவிட்ட மாணவர்களை மேலும் இரண்டு மாதம் அலைக்கழிக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான் அதன் பின்னால் இருந்தது. நடந்தது வேறு. விருப்பத்துக்கு என்று வைத்த தவணையே முதன்மைத் தவணை ஆனது. பிப்ரவரியில் இடம் அநேகமாக மிஞ்சுவதில்லை. 2024-இல் அதை இன்னும் முன்னுக்கு நகர்த்தி டிசம்பர் முதல் புதனில் வைத்தார்கள். அதற்குள் புதியவரை அமர்த்த வேண்டுமென்றால் பழையவரைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று நிர்வாகங்கள் கணக்குப் போட்டன. விளைவு: 2025-இல் மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில் செப்டம்பர் 14 அன்று வர்ஜீனியா டெக்கும் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏவும் ஒரே நாளில் தங்கள் பயிற்சியாளர்களை நீக்கின. அந்த மாதம் முடிவதற்குள் ஓக்லஹோமா ஸ்டேட், ஆர்கன்சா. அக்டோபரில் பென் ஸ்டேட், ஃப்ளோரிடா, லூசியானா ஸ்டேட். வதந்திக் காலம் இப்போது பள்ளி சீசனின் முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

தேதியை மட்டும் மாற்றினால் போதாது. நான் முன்வைப்பது வேறொன்று. மாணவன் இறுதியாண்டில் நுழையும் ஆகஸ்ட் 1 முதல் பல்கலைக்கழகம் எழுத்துமூலம் ஸ்காலர்ஷிப் வாக்குறுதி தரலாம் என்று விதி இருக்கிறது. அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பயிற்சியாளர் யாராக இருந்தாலும், எத்தனை பேர் மாறினாலும், கடிதத்தை ஏற்றுக்கொண்ட மாணவனுக்கு இடமும் ஸ்காலர்ஷிப்பும் உறுதி. மாணவன் வேண்டாம் என்று விலகினால் மட்டுமே அது ரத்தாக வேண்டும். வாக்கு, பல்கலைக்கழகத்தின் பெயரால்தானே கொடுக்கப்படுகிறது? கடிதத்தின் தலைப்பில் அதன் முத்திரைதானே இருக்கிறது? அப்படியென்றால் அதைக் காப்பாற்ற வேண்டியதும் பல்கலைக்கழகம்தான்.

புதிதாக வருபவர் தன் பாணிக்கேற்ற ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் பந்தைப் பெரும்பாலும் ஓடியே முன்னேற்றும் 'டிரிபிள் ஆப்ஷன்' முறையை ஆடினார். 2018 சீசனோடு அவர் ஓய்வு பெற்றதும் புதியவர் பந்தை வீசி ஆடும் முறைக்கு மாறினார். அந்த ஓட்ட முறைக்கென்றே வார்க்கப்பட்ட வீரர்களுக்கு அங்கே வேலை குறைந்துபோனது உண்மை. ஆனால் அந்த மாற்றத்தின் செலவை யார் ஏற்பது? இதே பல்கலைக்கழகங்கள் நீக்கிய பயிற்சியாளரோடு போட்ட ஒப்பந்தத்தை எப்படி மதிக்கின்றன என்று பாருங்கள். 2023-இல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது டெக்சஸ் ஏ அண்ட் எம் ஏற்றுக்கொண்ட பொறுப்பு 7.5 கோடி டாலருக்கும் மேல். பிரையன் கெல்லியை நீக்கியபோது லூசியானா ஸ்டேட்டுக்கு வந்தது சுமார் 5.4 கோடி; மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே குறுக்கிட்டு, அந்த ஒப்பந்தத்தைப் போட்ட விளையாட்டு இயக்குநர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று பகிரங்கமாகச் சொல்லும் அளவுக்குப் போனது. தோற்றுப்போன பெரியவருக்குக் கொடுத்த வாக்கைக் கோடிகளில் காப்பாற்றுகிறவர்கள், இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத பையனுக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விடுகிறார்கள். கோடிகளைத் தாங்க முடிகிற நிர்வாகத்துக்கு, அணிக்குப் பொருந்தாத ஐந்தாறு மாணவர்களின் படிப்புச் செலவு ஒரு பாரமே இல்லை. பழைய 85 ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு 2025 முதல் போய்விட்டது. அணியில் 105 பேர்வரை வைத்துக்கொள்ளலாம், அத்தனை பேருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம். இடமில்லை என்று சொல்ல இனி வழியில்லை.

இப்படிக் கட்டுப்படுத்தினால் பல்கலைக்கழகங்கள் ஆஃபரையே குறைத்துவிடும் என்பது இன்னொரு வாதம். குறைக்கட்டும். இருபது, இருபத்தைந்து இடத்துக்கு நூற்றுக்கணக்கான பையன்களிடம் 'உனக்கு இடம் உண்டு' என்று சொல்லிவைப்பது இன்றைய வழக்கம். அதில் பெரும்பகுதி வெறும் பேச்சு என்பது சொல்பவருக்குத் தெரியும். கேட்கும் குடும்பத்துக்குத் தெரியாது. உண்மையான பத்து ஆஃபர், பொய்யான நூறைவிடப் பையனுக்கு உதவும். எங்கே நிற்கிறோம் என்று ஆகஸ்டிலேயே தெரிந்தால், சிறிய கல்லூரிகளை அவன் நேரத்தோடு தேடிக்கொள்வான்.

கூர்மையான மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. காலம் மாறிவிட்டது, 2018-இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வீரர்கள் விரும்பியபடி அணி மாறுகிறார்கள். 2021 முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறுகிறார்கள். 2025 முதல் பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு வருமானத்தைப் பகிர்ந்தளிக்கலாம்; முதலாண்டு வரம்பு 2.05 கோடி டாலர். சந்தையில் இறங்கிய பிறகு பாதுகாப்பு எதற்கு என்கிறார்கள். ஆனால் போர்ட்டலில் பெயரைப் பதிவது எளிது. அழைக்க ஆள் வேண்டுமே. கல்லூரி ஆட்டக் காட்சி ஒன்றுகூட இல்லாத பதினெட்டு வயதுப் பையனைவிட, மூன்று சீசன் ஆடிய இருபத்திரண்டு வயதுக்காரரைத்தான் எந்தப் பயிற்சியாளரும் முதலில் பார்ப்பார். அதிலும் வேலைக்கு எப்போது ஆபத்து வருமோ என்று இருக்கும் பயிற்சியாளர், நான்காண்டு கழித்துப் பலன் தரும் பையன்மீது ஏன் முதலீடு செய்யப் போகிறார்? போர்ட்டல் பள்ளி மாணவனின் நிலையைப் பலவீனப்படுத்தத்தான் செய்திருக்கிறது. நட்சத்திரங்களுக்குக் கிடைக்கும் பணத்தைக் காட்டி மற்றவர்களின் உரிமையை மறுப்பது சரியல்ல.

அப்படியானால் இந்தியானாவைப் பாருங்கள் என்பார்கள். காலங்காலமாகத் தோற்றுக்கொண்டிருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு சிக்னெட்டி 2023 இறுதியில் வந்தார். தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் அணியிலிருந்து பலரைக் கூட்டிவந்தார். 2026 ஜனவரி 19 அன்று, 16 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் தேசியச் சாம்பியன் ஆனார். உள்ளூர்ப் பள்ளி எதற்கு, வெளியிலிருந்து எடுத்தே ஜெயிக்கலாமே? ஜெயிக்கலாம், மறுக்க முடியாது. ஆனால் அந்த வெற்றியைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தவர்கள் அங்கே முளைத்தது, பெரிய பல்கலைக்கழகங்கள் கவனிக்காத பையன்களை எடுத்து ஒரே தலைமைப் பயிற்சியாளர் 2019 முதல் ஐந்து சீசன் நிலையாக இருந்து வளர்த்ததால்தான். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவின் கதை இன்னும் பொருத்தமானது. மயாமியின் கிறிஸ்டோபர் கொலம்பஸ் பள்ளியில் ஆடியவர். 2021 இலையுதிர்காலத்தில் அவர் பள்ளி இறுதியாண்டில் இருந்தபோது, ஊரிலேயே இருக்கும் மயாமி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் மேனி டியாஸ் போவாரா என்பதே பேச்சு. டிசம்பரில் அவர் நீக்கப்பட்டு, அதே கொலம்பஸ் பள்ளியின் பழைய மாணவரான மரியோ கிறிஸ்டோபல் வந்தார். மெண்டோசாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. முதலில் யேலுக்குச் சம்மதம் சொல்லியிருந்தவர், கடைசியில் நாட்டின் மறுகரையில் பெர்க்லிக்குப் போனார், அங்கிருந்து இந்தியானா. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான 2025-இன் ஹைஸ்மன் விருதை வாங்கியவர், சொந்த ஊர்ப் பகுதியில் நடந்த இறுதி ஆட்டத்தில் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தையே 27–21 என்று தோற்கடித்தார். பயிற்சியாளர் மாற்றம்தான் அவரை மயாமி தவறவிட்டதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பதினேழு வயதில் அவரை அநேகமாக யாருமே சரியாக எடைபோடவில்லை. ஆனால் வீட்டு வாசலில் இருக்கும் திறமையைக் கண்டுகொள்ள நின்று நிதானமாகப் பார்க்கிற கண் வேண்டும்; நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும் ஆண்டில் அந்த நிதானம் யாரிடமும் இருப்பதில்லை. அதே மயாமி, 1979-இல் வந்த ஹவர்ட் ஷ்னெல்லன்பர்கர் தெற்கு ஃப்ளோரிடாவின் பள்ளிகளை ஒன்றுவிடாமல் சல்லடை போட்டுத் தேடியதால், ஐந்தே சீசனில், 1984 ஜனவரியில் நெப்ராஸ்காவை 31–30 என்று வென்று முதல் தேசியப் பட்டத்தை எடுத்த அணி.

பயிற்சியாளர் சந்தையையே கட்டுப்படுத்தலாமே, சீசன் முடியும்வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது என்று விதி போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது நீதிமன்றத்தில் நிற்குமா என்பது சந்தேகம். கடைநிலை உதவிப் பயிற்சியாளர்களின் சம்பளத்துக்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வைத்த உச்சவரம்பு போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, மறு ஆண்டு 5.45 கோடி டாலர் கொடுத்துச் சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது. பெரியவர்கள் வேலை மாறுவதை நான் தடுக்கச் சொல்லவில்லை. வதந்தியையும் தடுக்க முடியாது. ஒரு வதந்தி மெய்யானால் அதற்கான விலை மாணவன் தலையில் விழாதபடி செய்ய முடியும். அதற்குக் கடிதத்தில் ஒரு வரி போதும். கையெழுத்து நாளைப் பிப்ரவரிக்கே திருப்புவதும் மண்டல லீக் ஆணையர்கள் கூடி எடுக்கக்கூடிய முடிவே. ஜனவரியிலேயே கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்களுக்கு மட்டும் டிசம்பரில் தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2014-இல் பதவியேற்ற நாளிலேயே ஃப்ராங்க்ளின் இந்த மாநிலத்தின் திறமை முழுவதும் நமக்கே என்று பேசினார். மாநிலப் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் இப்படித்தான் பேசுகின்றன. பென் ஸ்டேட்டோ பிட்ஸ்பர்கோ அடுத்த ஆகஸ்ட் 1 அன்று பென்சில்வேனியா மாணவர்களுக்கு அனுப்பும் கடிதங்களில் மட்டுமாவது, 'தலைமைப் பயிற்சியாளர் மாறினாலும் இந்த ஸ்காலர்ஷிப் செல்லும்' என்று எழுதி, பயிற்சியாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத் தலைவரும் கையெழுத்திட்டு அனுப்பலாம். அதற்குச் சங்கத்தின் அனுமதியோ நீதிமன்றத்தின் ஒப்புதலோ தேவையில்லை. அலிக்விப்பாவின் பள்ளிப் பயிற்சியாளர் இரண்டு கடிதங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது, எந்தப் பல்கலைக்கழகத்தை நம்பலாம் என்று தன் பையன்களுக்குச் சொல்ல அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.